முதல் கன்சல்டன்ட் வேலை: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

எம்டி, எம்எஸ், டிஎன்பி என்று ஏதோ ஒன்றை முடித்துவிட்டு, தமிழ்நாட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் முதல்முறையாக ஸ்பெஷலிஸ்ட்டாகச் சேரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மயக்க மருத்துவர். அதனால் உதாரணங்கள் தியேட்டர் பக்கமாகவே சாயும். மற்ற துறைக்காரர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வேலையில் நான் பட்ட அவஸ்தையில் நோயாளிகளால் வந்தது ரொம்பக் கொஞ்சம். எந்த இரவு யார் ஆன்-கால் (கூப்பிட்டால் வர வேண்டிய முறை), பணம் எந்தத் தேதியில் வரும், நான் லீவு போனால் யார் பார்ப்பது, காம்ப்ளிகேஷன் வந்தால் யார் என் பக்கத்தில் நிற்பது என்பதெல்லாம் எங்கேயும் எழுதப்படாமல் இருந்ததால் வந்ததுதான் மிச்சம் எல்லாம். இவற்றில் பெரும்பாலானவை சேரும் முன்பே பேசி முடிக்கக்கூடியவை. அதற்கான வரிசை இது.

1. சான்றிதழ் வேலைகளை முதலில் முடியுங்கள்

எம்பிபிஎஸ் பதிவு மட்டும் வைத்துக்கொண்டு ஸ்பெஷலிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. முதுநிலைப் பட்டத்தைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிய வேண்டும். மருத்துவமனையின் எச்ஆர், காப்பீட்டு நிறுவனம், இன்டெம்னிட்டி பாலிசி (சிகிச்சைப் பிழை வழக்குகளுக்கான காப்பீடு) எழுதுகிறவர் என்று ஒவ்வொருவரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். ரிசல்ட் வந்த வாரமே வேலையைத் தொடங்கிவிடுங்கள். வெளிமாநிலத்தில் படித்துப் பதிந்தவர்கள் பழைய கவுன்சிலிலிருந்து தடையில்லாச் சான்று வாங்கிவர வேண்டும். பல பேருக்கு இழுத்தடிப்பது இந்த ஒரு தாள்தான். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்து அங்கேயே கட்டுங்கள். 'நான் முடித்துத் தருகிறேன் டாக்டர்' என்று வருகிற இடைத்தரகர் தேவையே இல்லை.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து பின்னால் நிற்கும். கல்யாணமானவர்களுக்கு ஆதாரில் கணவர் பெயர் வேறு ஒட்டியிருக்கும். கவுன்சில் பதிவு, பட்டம், பான், வங்கிக் கணக்கு நான்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் மூன்று மாதச் சம்பளம் தேங்கி நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள். 'சரிபார்த்துவிட்டுத் தருகிறோம்' என்று வாங்கி அலமாரியில் பூட்டிவைத்து, விலகும்போது பிணைபோலப் பிடித்துக்கொள்கிற இடங்கள் உண்டு. கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், என்னென்ன கொடுத்தீர்கள், எந்தத் தேதியில் திரும்பக் கிடைக்கும் என்று முத்திரையுடன் ரசீது வாங்குங்கள். அரசுக் கல்லூரியில் முதுநிலை படித்தவர்களுக்குச் சேவை ஒப்பந்தம் இருக்கும். அது தீர்ந்து, விடுவிப்பு ஆணை கையில் வருவதற்குமுன் தனியாரிடம் சேரும் தேதியை உறுதி சொல்லாதீர்கள்.

2. விசாரியுங்கள்

மருத்துவ இயக்குநர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். உங்களுக்குமுன் அந்த நாற்காலியில் இருந்தவர் யார், ஏன் போனார் என்று தெரிந்துகொண்டு அவருக்கே ஃபோன் செய்யுங்கள். துறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், கடைசி இரண்டு வருடத்தில் எத்தனை பேர் போனார்கள் என்ற இரண்டு எண்கள் போதும், பாதி விஷயம் புரிந்துவிடும்.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். தியேட்டர் டெக்னீஷியனும் ஐசியு நர்ஸும் ஐந்து நிமிடப் பேச்சில் சொல்லிவிடுவார்கள். எட்டு மணிக்கும் எலெக்டிவ் கேஸ் (அவசரமில்லாத, முன்பே திட்டமிட்ட அறுவை சிகிச்சை) ஓடிக்கொண்டிருந்தால், அங்கே தினசரி வேலை எப்போது முடியும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

3. ஆஃபர் லெட்டரை வரிவரியாகப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முதல் கேள்வி: நீங்கள் ஊழியரா, கன்சல்டன்டா? ஊழியர் என்றால் வழக்கமாகப் பிஎஃப், கிராஜுவிட்டி உண்டு. பெண்களுக்கு, அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், 26 வாரம் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு உண்டு. கன்சல்டன்ட் ஒப்பந்தம் என்றால் உங்களுக்கு வருவது தொழில்முறைக் கட்டணம். மேலே சொன்னது எதுவும் தானாக வராது, பேசி எழுதி வாங்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் தருவது இரண்டாவது வகைதான். காலையில் பயோமெட்ரிக் வைக்கும்போது நீங்கள் ஊழியர், லீவு கேட்கும்போது மட்டும் கன்சல்டன்ட்.

அடுத்தது வேலை நேரம். பயிற்சி மருத்துவர்களுக்காவது தாளில் ஒரு எண் இருக்கிறது. 1992-ஆம் ஆண்டு மத்திய ரெசிடென்சி திட்டம், தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொல்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிகள் வாரம் ஒரு நாள் ஓய்வையும் வருடத்துக்கு 20 நாள் விடுப்பையும் குறிப்பிடுகின்றன. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் கன்சல்டன்டுக்கு அப்படி ஓர் எண்கூட எந்த ஆஃபர் லெட்டரிலும் தானாக வராது. 'மருத்துவமனையின் தேவைக்கு ஏற்ப' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை அடித்துவிட்டுக் கீழே உள்ளவற்றை எழுதச் சொல்லுங்கள்:

- வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை.
- மாதத்துக்கு அதிகபட்சம் எத்தனை ஆன்-கால். 'சுழற்சி முறையில்' என்று எழுதினால் போதாது. துறையில் ஒருவர் விலகினால் சுழற்சி இரண்டு பேருக்குள்ளேயே சுற்றும்.
- ஆன்-கால் என்றால் எத்தனை நிமிடத்தில் வந்து சேர வேண்டும்.
- ராத்திரி கேஸ் செய்தால் மறுநாள் காலை லிஸ்ட் (அன்றைக்குத் திட்டமிட்ட கேஸ்கள்) யாருடையது.
- நீங்கள் லீவில் இருக்கும்போது ஆள் பிடிக்க வேண்டியது யார் பொறுப்பு, லோகம் டாக்டருக்கு (உங்களுக்குப் பதிலாகத் தற்காலிகமாக வருபவர்) பணம் யார் கொடுப்பது.

நான்காவது அம்சத்தை விட்டுக்கொடுக்கவே வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு எமர்ஜென்சி சிசேரியன் முடித்துவிட்டு, காலை ஏழரைக்கு ஒரு குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதில் வீரம் எதுவும் இல்லை.

சம்பளத்தை மாதக் கணக்கில் பார்க்காமல் மணிக்கணக்கில் பாருங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: ஓர் இடத்தில் 2,00,000 ரூபாய். 26 நாள், நாளுக்கு 9 மணி நேரம், அதோடு 10 ஆன்-கால், ஒவ்வொன்றிலும் சராசரி 3 மணி நேரம் உள்ளே. மொத்தம் 264 மணி நேரம், மணிக்குச் சுமார் 758 ரூபாய். இன்னோர் இடத்தில் 1,60,000 ரூபாய். 22 நாள், 8 மணி நேரம், 4 ஆன்-கால். மொத்தம் 188 மணி நேரம், மணிக்குச் சுமார் 851 ரூபாய். சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள முதல் எண் நன்றாக இருக்கும். வாழ்வதற்கு இரண்டாவதுதான்.

மினிமம் காரன்டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் ஆறு மாதமோ ஒரு வருடமோ குறிப்பிட்ட தொகை தருவார்கள், அப்புறம் நீங்கள் பார்க்கும் கேஸில் சதவீதம். கேட்க வேண்டியவை: சதவீதம் எதன்மேல், மொத்த பில்லின் மேலா, டாக்டர் கட்டணத்தின் மேல் மட்டுமா? தள்ளுபடி கொடுத்தால் யார் பங்கிலிருந்து கழியும்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கேஸ்களுக்கும் தனியார் காப்பீட்டுக் கேஸ்களுக்கும் உங்கள் பங்கு பில் போட்ட மாதமே வருமா, மருத்துவமனைக்குப் பணம் வந்தபிறகா? காப்பீட்டு நிறுவனம் பிடித்தம் செய்தால்? அந்தத் துறையின் தற்போதைய மாத வசூல் எவ்வளவு என்று நேராகவே கேளுங்கள். சொல்லத் தயங்கினால், காரன்டி முடிந்த மாதம் உங்கள் வருமானம் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

டார்கெட் என்ற சொல் ஆஃபர் லெட்டரில் இருக்காது. மாதாந்திரக் கூட்டத்தில் திரையில் வரும். ஓபிக்கு வந்தவர்களில் எத்தனை பேர் அட்மிஷன் ஆனார்கள், எத்தனை ஸ்கேன் எழுதினீர்கள் என்று உங்கள் பெயருக்கு நேராக ஒரு பட்டை. தூக்கம் கெடுவதைக்கூட உடம்பு தாங்கிக்கொள்ளும், இதை மனசு தாங்காது. அதனால் நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்: 'கன்சல்டன்ட் வாரியாக எண்கள் பார்ப்பீர்களா? குறைந்தால் என்ன செய்வீர்கள்?' ரெஃபரலுக்குக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி தவறு. மாட்டினால் கவுன்சில் முன் நிற்கப்போவது உங்கள் பதிவு எண், மார்க்கெட்டிங் மேனேஜருடையது இல்லை.

கடைசியாக, வெளியேறும் வழி. நீங்கள் 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும், அவர்கள் 30 நாளில் அனுப்பிவிடலாம் என்று இருந்தால் இரண்டையும் சமமாக்கச் சொல்லுங்கள். விலகியபின் பத்து கிலோமீட்டருக்குள் பிராக்டிஸ் செய்யக்கூடாது என்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, வேலையை விட்டபின் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் நிபந்தனை பொதுவாகச் செல்லாது. ஆனால் 'பயிற்சிச் செலவு', 'இடம்பெயர்வுத் தொகை' என்று அவர்கள் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் வரி வேறு வகை, அதில் கவனமாக இருங்கள். கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் காட்டுங்கள். அவர் கேட்கும் கட்டணம் பிற்பாடு மிச்சமாகும் தொகைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டதை எல்லாம் அன்றைக்கே ஒரு மின்னஞ்சலில் எழுதி, 'இன்று பேசியதன்படி' என்று தொடங்கி அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டாலும் அது இருக்கட்டும்.

4. பணம்

முதல் கட்டணம் கைக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகலாம். மூன்று, நான்கு மாதச் செலவுக்குக் கையில் இல்லாமல் புது ஊருக்கு வீடு மாற்றாதீர்கள். காரன்டி தொகையை நம்பிக் கார் லோன் போடாதீர்கள். இஎம்ஐ கட்டுகிற டாக்டரால் 'முடியாது' என்று சொல்ல முடியாது என்பது நிர்வாகத்துக்கும் தெரியும்.

கன்சல்டன்டாக இருந்தால் 10% டிடிஎஸ் பிடிப்பார்கள். உங்கள் வரி அதைவிட அதிகமாக வரலாம், எனவே மாதாமாதம் கொஞ்சம் தனியே ஒதுக்குங்கள். வருட வருமானம் 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் 75 லட்சம் வரை) வரவில் பாதியை லாபமாகக் காட்டும் எளிய முறை இருக்கிறது. கணக்குப் புத்தகத் தொல்லை குறையும். அந்த முறையில் முன்வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) முழுவதையும் மார்ச் 15-க்குள் கட்ட வேண்டும், தவறினால் வட்டி.

5. இன்டெம்னிட்டி பாலிசி இல்லாமல் ஒரு கேஸ்கூடத் தொடாதீர்கள்

'மருத்துவமனைக்கே பாலிசி இருக்கிறது டாக்டர்' என்பார்கள். அது மருத்துவமனையைக் காக்கும். உங்களைத் தனியாகக் காக்கும் என்று பாலிசியில் எழுதியிருந்தாலொழிய நம்ப வேண்டாம். சொந்தமாக ஒன்று எடுங்கள். பிரீமியம் துறையைப் பொறுத்தது. அறுவை சிகிச்சைக்காரர்களுக்கும் எங்களுக்கும் பொதுமருத்துவரைவிட அதிகமாகவே வரும். ஒப்பந்தம் பேசும்போது பாதியையாவது மருத்துவமனை ஏற்கட்டும் என்று கேட்டுப்பாருங்கள், சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

இதில் பலர் விழுகிற பள்ளம் ஒன்று இருக்கிறது. நம் நாட்டு பாலிசிகள் பெரும்பாலும் வழக்கு வருகிற நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும் என்ற முறையில் இயங்குபவை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருட அவகாசம் உண்டு. இன்று செய்த கேஸுக்கு அடுத்த வருடம் நோட்டீஸ் வரும்போது, இடையில் நீங்கள் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் கம்பெனி கையை விரித்துவிடும். புதுப்பிக்கும் தேதி தாண்டாமல் பாருங்கள். கம்பெனியை மாற்றினாலும் பழைய தொடக்கத் தேதியைப் புது பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள்.

6. முதல் மூன்று மாதம் கணக்கு வையுங்கள்

சேர்ந்த நாளிலிருந்து ஃபோனில் ஒரு குறிப்பு வையுங்கள். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், ராத்திரி வந்த ஃபோன், ராத்திரி போன கேஸ், தவறிய லீவு. ஒரு வரி போதும். களைப்பாக இருக்கும்போது எல்லா வாரமும் மோசமான வாரமாகத்தான் தோன்றும். கணக்கு இருந்தால் எது நிஜமாகவே மோசம் என்று தெரியும். எனக்கு ஆன்-கால்தான் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குறிப்பைப் பார்த்தால், மாலை ஆறு மணிக்குமேல் 'சின்னக் கேஸ்தான் சார், அரை மணி நேரம்' என்று சர்ஜன்கள் சேர்த்துக்கொண்டே போன எலெக்டிவ் கேஸ்கள்தான் நேரத்தைத் தின்றிருந்தன. இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு.

கணக்கு கையில் வந்தபின் பேசுங்கள். தியேட்டர் வாசலில் கோபத்தோடு வேண்டாம். மருத்துவ இயக்குநரிடம் நேரம் வாங்கி, ஒரே பக்கத் தாளோடு போங்கள். ஒரு சந்திப்புக்கு ஒரு கோரிக்கை: 'மாலை ஐந்துக்குமேல் எலெக்டிவ் கேஸ் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் தனிக் கட்டணம்.' எண்ணைக் கேட்டால் நிர்வாகம் எண்ணில் பதில் சொல்லும். 'ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸாக இருக்கிறது சார்' என்றால் யோகா வகுப்பு ஏற்பாடு செய்வார்கள். (செய்தார்கள். காலை ஆறு மணிக்கு.)

திருப்தி தரும் வேலைக்கும் இடம் ஒதுக்குங்கள். வாரத்தில் ஒரு அரை நாள், உங்களுக்குப் பிடித்த வேலைக்கு: வலி சிகிச்சை ஓபி, டிஎன்பி மாணவர்களுக்கு வகுப்பு, ஒரு புது புரொசீஜர். தொடக்கத்தில் அதில் வருமானம் வராது என்பதால் ஒப்பந்தத்திலோ மின்னஞ்சலிலோ அது எழுத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் நெருக்கடியிலேயே போய்விடும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க ஐந்து வருடத்தில் 30 சிஎம்இ (தொடர் மருத்துவக் கல்வி) மணிகள் வேண்டும். கல்வி விடுப்பு கேட்க அது நல்ல காரணம்.

7. காம்ப்ளிகேஷன் வந்தால்

எழுதுங்கள், அப்போதே, நேரத்தோடு. பிற்பாடு சேர்ப்பதானால் பிற்சேர்க்கை என்று தேதியிட்டுச் சேர்க்க வேண்டும், பழையதை அடிக்கவோ திருத்தவோ கூடாது. நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்தில் ஆவணங்களைத் தர வேண்டும், எனவே எழுதியது எல்லாம் வெளியே போகும் என்று எண்ணியே எழுதுங்கள். குடும்பத்தாரிடம் சீனியர் ஒருவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அன்றே இன்டெம்னிட்டி கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். கவனக்குறைவு என்று போலீஸில் புகார் வந்தால் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உதவும்: சுதந்திரமான மருத்துவக் கருத்து வாங்காமல் விசாரணை அதிகாரி மேலே போகக் கூடாது.

தாக்குதல் நடந்தால் தமிழ்நாட்டின் 2008 சட்டத்தின்கீழ் அது ஜாமீனில் வர முடியாத குற்றம். ஆனால் புகார் கொடுப்பது யார்? அடிவாங்கிய டாக்டர் தனியாக ஸ்டேஷனில் போய் நிற்கும் நிலை கூடாது. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தன் மருத்துவமனைகளுக்கு, ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே புகார் பதிய வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்கள் தனியார் மருத்துவமனையிடமும் அதே வரியை எழுத்தில் கேளுங்கள். அதே ஆண்டு நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையிலேயே ஒரு புற்றுநோய் மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டார். 'இங்கெல்லாம் நடக்காது' என்ற பதிலை ஏற்க வேண்டாம்.

8. உங்களையும் ஒரு நோயாளியாகப் பாருங்கள்

உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டுக்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறது: வற்றிப்போன களைப்பு, வேலையிடமிருந்து மனம் விலகிப்போவது அல்லது கசந்துபோவது, எதைச் செய்தாலும் சரியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். களைப்பு லீவில் தீரும். நோயாளியைப் படுக்கை எண்ணாக மட்டும் நினைப்பது, கேஸ் ரத்தானால் மனசு துள்ளுவது வாரக்கணக்கில் தொடர்ந்தால் அதற்கு ஆள் பார்க்க வேண்டும்.

தானே மருந்து எழுதிக்கொள்ளாதீர்கள். எங்கள் துறையில் இது இன்னும் ஆபத்து, ஃபென்டனைலும் ப்ரோபோஃபாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஊருக்குள் எல்லாருக்கும் உங்களைத் தெரியும் என்றால் பக்கத்து மாவட்டத்தில் மனநல மருத்துவரைப் பாருங்கள், ஆன்லைனிலும் பார்க்கலாம். 2017 மனநலச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கிறது, நோயாளி டாக்டராக இருந்தாலும் அதேதான். ராத்திரி மூன்று மணிக்கு யாரும் கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவி சேவையான டெலிமானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழில் பேசுவார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காலைவரை காத்திருக்காமல் அந்த எண்ணை அழையுங்கள், வீட்டில் ஒருவரை எழுப்புங்கள்.

9. விலகுவதாக முடிவு செய்தால்

அடுத்த இடத்தின் ஆஃபர் எழுத்தில் கையில் வந்தபின் ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்புங்கள், நோட்டீஸ் அன்றிலிருந்து ஓடும். காப்பீட்டுக் கேஸ்களில் உங்கள் பங்கு எவ்வளவு பாக்கி என்று நோட்டீஸ் காலத்திலேயே பட்டியல் வாங்கிவிடுங்கள். போனபின் கேட்டால் 'அக்கவுன்ட்ஸில் பார்க்கிறோம்' என்பார்கள், பார்க்க மாட்டார்கள். ரிலீவிங் ஆர்டர், அனுபவச் சான்று, டிடிஎஸ் சான்று, கொடுத்திருந்தால் ஒரிஜினல்கள் எல்லாம் வரும்வரை கடைசி நோ-டியூஸ் தாளில் 'எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை' என்ற வரிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால், பாக்கித் தொகையைப் பக்கத்தில் கையால் எழுதிவிட்டுப் போடுங்கள். அந்தத் தாளை ஒரு ஃபோட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.